பெர்சிஸ் சாட்சி சொல்லும் ஞாயிறு

இன்னும் நாலு பேர், அப்புறம் பெர்சிஸ். பாட்டு முடிகிற வழியாகத் தெரியவில்லை, பல்லவியை ஐந்தாவது முறையாகப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறார்கள், பாஸ்டர் கண்ணை மூடியபடியே இன்னொரு விசை என்று விரலைத் தூக்குகிறார், டம்பரின் தட்டுகிற சகோதரிக்குக் கை வலிக்குமா வலிக்காதா. மணி பத்தரைதான் ஆகிறது, அதற்குள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தன் வேலையைக் காட்டிவிட்டது, சட்டை முதுகோடும் முதுகு பிளாஸ்டிக் நாற்காலியோடும் ஒட்டிக்கிடக்கிறது. நான் வழக்கம்போல ஆண்கள் பக்கத்தில் இடது ஓரம், கடைசி நாற்காலி, சுவரை ஒட்டி. ஆசீர் பிரதர் தாழ்மையுள்ளவர், முன்னால வந்து உக்காரவே மாட்டாரு என்று சபையில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. தாழ்மையாவது மண்ணாவது. எனக்கு இடது காது கேட்காது. அந்தக் காதைச் சுவருக்குக் கொடுத்துவிட்டால் மீதி உலகம் முழுக்க வலது பக்கம் வந்துவிடும், யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. முப்பத்தொன்பது வருஷமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஹெப்சிக்கே தெரியாது. கல்யாணமான புதிதில் அவள் இடது பக்கம் நின்று கூப்பிட்டு நான் திரும்பாமல் போனபோதெல்லாம் அழுவாள், என்னைப் பிடிக்கலியா உங்களுக்கு என்று கேட்பாள். இப்போது அழுவதில்லை. இந்த மனுஷன் குணமே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டாள், நானும் அந்தக் குணத்தை ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

அதோ ஹெப்சி, பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், வெள்ளைச் சேலையும் முக்காடுமாக, எங்கள் சபையில் நகை கூடாது என்பதால் வெறுங்கழுத்தோடு. பக்கத்தில் எங்கள் மகள் பெர்சிஸ், வெள்ளை கவுன். பத்து வயதுக்கு உயரம் குறைவு, தரையில் எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். உதடு அசைகிறது. பாட்டுக்கு அசையவில்லை, சாட்சியை மனசுக்குள் ஒப்பித்துப் பார்க்கிறாள். முன்வரிசையில் என் அப்பா, சபைக்கு வேதமாணிக்கம் அங்கிள், எழுபத்தெட்டு வயதில் ஆணி அடித்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், இன்றைக்கு அவருடைய நாள். இருபத்தொரு நாள் உபவாச ஜெபத்தின் நிறைவு நாள், அதில் அவருடைய பேத்தி சாட்சி சொல்லப்போகிறாள், வலிப்பு வந்துகொண்டிருந்த பிள்ளைக்கு எட்டு மாதமாக வலிப்பு இல்லை. சபைக்குத் தெரிந்த காரணம் பாஸ்டரின் ஜெபம். எனக்குத் தெரிந்த காரணம் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிற என் ஸ்கூட்டரின் டிக்கியில், மழைக்கோட்டுக்கு அடியில், ஒரு பழுப்புப் பாட்டிலில் இருக்கிறது. எங்கள் சபையில் மருந்து சாப்பிடக் கூடாது. சாப்பிட்டவர்களுக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது. தலைவலித் தைலம்கூட விசுவாசக் குறைவுதான். ஆனால் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், அது எப்படி மருந்தாகாமல் போயிற்று என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, பாஸ்டரே போட்டிருக்கிறார். சத்துக்குச் சாப்பிடலாம். பேரீச்சம்பழ சிரப் சாப்பிடலாம், ரத்தம் ஊறும். அதில்தான் நான் புகுந்துகொண்டேன். காலையில் ஹெப்சி மொட்டைமாடியில் ஜெபத்தில் இருக்கும்போது ஒரு கரண்டி, சாயங்காலம் டியூஷனிலிருந்து கூட்டி வந்ததும் ஒரு கரண்டி, பாதி பேரீச்சம்பழ சிரப், பாதி மதுரை டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது. பெர்சிஸுக்கு அந்தக் கரண்டி உயிர். பின்பக்கத்தையும் நக்குவாள்.

பாட்டு முடிந்துவிட்டது. கை தட்டுகிறார்கள். தையல் கடை வைத்திருக்கும் சகோதரி எழுந்து மைக்கைப் பிடித்துவிட்டாள், இடுப்பு வலி, மூன்று வருஷம், உபவாசத்தின் ஒன்பதாம் நாள் காலையில் எழுந்தால் வலி இல்லை. ஸ்தோத்திரம். நானும் சொல்கிறேன், ஸ்தோத்திரம், என்னைக் கேட்காமலே வாய் சொல்லிவிடுகிறது. இன்னும் மூன்று பேர். காலையில் ஹெப்சியும் அப்பாவும் முன்னாடியே ஆட்டோவில் வந்துவிட்டார்கள், நானும் பெர்சிஸும் மட்டும் ஸ்கூட்டரில் வந்தோம், அதுதான் கடைசி வாய்ப்பு, மார்க்கெட் திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கி, மக்கா, இன்னைக்குச் சாட்சி சொல்லாண்டாம் என்ன, தொண்ட கட்டியிருக்குன்னு சொல்லிரு, டாடி பாஸ்டர் ஐயாட்ட பேசிக்கிடுதேன் என்றேன். தொண்ட நல்லாத்தான இருக்கு, பொய் சொல்லக் கூடாதுல்லா டாடி என்றாள். என் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள். அதற்கு மேல் என்ன பேச. எட்டு மாதமாக நாள் ஒன்றுக்கு இரண்டு கரண்டிப் பொய்யை வாயில் ஊட்டிவிடுகிறவனிடம் பிள்ளை பொய் சொல்லக் கூடாது என்கிறாள், எங்கே படித்தாள், ஞாயிற்றுக்கிழமை பள்ளியில், யார் சேர்த்துவிட்டது, நான்தான். சாட்சி சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விடவும் முடியாது. சொல்லிவிட்டால் அடுத்த மாதம் மலையில் நடக்கிற சிறுவர் முகாமுக்கு அவளைக் கூட்டிப்போவார்கள், பாஸ்டர் போன வாரமே சொல்லிவிட்டார், பிரதர், நம்ம பெர்சிஸ் சாட்சி அங்க ஆயிரம் பிள்ளைகளை எழுப்பும். பத்து நாள். கரண்டி இல்லாத பத்து நாள். ஒரு வேளை தவறக் கூடாது சார் என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொன்னது இப்போதும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, ரெண்டு வருஷம், நீங்களா நிறுத்தினா திரும்ப வரும், முன்ன விட பலமா வரும், இன்னைக்கு வருமா பத்து நாள் கழிச்சு வருமான்னு யாராலும் சொல்ல முடியாது, சிலருக்கு விட்டு விட்டு இல்ல, வந்தா நிக்காமலே போய்க்கிட்டிருக்கும். பிறகு திருநீறு இல்லாத என் நெற்றியைப் பார்த்தார், மோதிரம் இல்லாத கையைப் பார்த்தார், எந்தச் சபை என்று புரிந்திருக்கும், படிச்சவங்கதான நீங்க, மூணு தடவ விழுற வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க என்றார்.

என்ன பண்ணிக்கொண்டிருந்தேன். முதல் தடவை விழுந்தது வீட்டில், ஆகஸ்டில், சாயங்கால ஜெபத்தில். அப்பா வேதத்தை வாசித்துக்கொண்டிருந்தார், பெர்சிஸ் பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள், திடீரென்று தேடுவதை நிறுத்திவிட்டுச் சுவரில் எதையோ பார்த்தாள், நானும் பல்லியாக இருக்குமென்று சுவரைத்தான் பார்த்தேன், அதற்குள் சாய்ந்துவிட்டாள். அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது. குதிகால் தரையில் அடித்த சத்தம் இருக்கிறதே, அது என் ஒற்றைக் காதுக்கே போதும் போதும் என்றிருந்தது. அப்பா எழுந்து அவள் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார், ஹெப்சி காலைப் பிடித்துக்கொண்டு அழுதபடி ஜெபித்தாள், கவுன் நனைந்துவிட்டது, நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஆஸ்பத்திரி மூன்று தெரு தள்ளி. இரண்டு நிமிஷம். அவள் துடித்த அந்த இரண்டு நிமிஷமும் சாவியைப் பிடித்தபடியே ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. இரண்டாவது தடவை பள்ளிக்கூடத்தில். மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு மகாலைக் காட்டப்போகிறேன் என்று சொல்லி மதுரைக்குக் கூட்டிப்போனேன். பத்து நிமிஷம் மகாலையும் காட்டினேன், சொன்னது பொய்யாகிவிடக் கூடாதாம், என் யோக்கியதை அப்படி. அங்கே ஆஸ்பத்திரியில் தலையெல்லாம் ஒயரை ஒட்டியபோது இது எதுக்கு டாடி என்றாள், உன் மூள எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பாக்காங்க, அம்மாட்ட சொல்லாத, சர்ப்ரைஸ் என்றேன். சொல்லவே இல்லை. ரகசியம் வைத்துக்கொள்வதில் அவள் கெட்டிக்காரி. மருந்து தொடங்கி நாலாம் நாள் பாஸ்டர் வீட்டுக்கு வந்து கை வைத்து ஜெபித்தார். அதற்குப் பிறகு வலிப்பு வரவில்லை. நேரம் அப்படி அமைந்துவிட்டது, நான் என்ன செய்ய. நீ பேசியிருக்கலாம், அதைச் செய்திருக்கலாம். பேசியிருந்தால் ஹெப்சி அந்தப் பாட்டிலைக் கழிவுநீர்க் குழாயில் கவிழ்த்திருப்பாள், கோபத்தில் இல்லை, பிள்ளை மேல் இருக்கிற பாசத்தில் கவிழ்த்திருப்பாள். அதனால் பேசவில்லை. அதனால்தானா. பயத்தில் பேசவில்லை என்று சொல்லேன், உன்னிடம் நீயே சொல்வதற்கு என்ன.

ஆட்டோ ஓட்டும் ராஜபாண்டி பிரதர் குடியை விட்டதைச் சொல்கிறார், அவர் வருஷத்துக்கு இரண்டு தடவை விடுவார். இன்னும் இரண்டு பேர். மைக் கீச்சென்று கத்துகிறது, அந்த மைக்கின் இரும்பு வாசனை எனக்குத் தெரியும், எட்டு வயதிலேயே தெரியும், எச்சிலும் இரும்பும் கலந்த வாசனை. காதில் சீழ் வந்துகொண்டிருந்தது எனக்கு, தலையணை எல்லாம் நாறும், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அப்போது சபை ஓலைக் கொட்டகை, இப்போதைய பாஸ்டரின் அப்பாதான் பாஸ்டர், இப்போதைய பாஸ்டரும் நானும் அந்தக் கொட்டகைக்குப் பின்னால் பம்பரம் விட்டிருக்கிறோம். பெரிய பாஸ்டர் என் காதில் எண்ணெய் போடாமல் மருந்து போடாமல் விரலை மட்டும் வைத்து ஜெபித்தார், எவ்வளவு நேரமோ, கால் கடுத்தது. பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது காதில் வைத்து, கேக்காலே என்றார். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றுமே இல்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா முழங்காலில் நின்றிருந்தார், கையிரண்டும் கோத்து, கண்ணைத் திறந்து, என் முகத்தைப் பார்த்தபடி. அந்தப் பார்வையில் மிரட்டல் இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன், அடி வாங்கிப் பழக்கம் உண்டு எனக்கு. மிரட்டல் இல்லை. பசி. வீட்டில் யாருக்கும் இல்லாத பெரும் பசியோடு என்னிடம் எதையோ கேட்டார், அதைக் கொடுக்க என்னால் மட்டும்தான் முடியும் என்று தெரிந்தது. கேக்கு என்றேன். கொட்டகையே எழுந்து நின்றது. அப்பா அழுதார். என்னைத் தூக்கிக்கொண்டார், அதற்கு முன்னால் எப்போது தூக்கினார் என்று நினைவில்லை, அதற்குப் பிறகும் இல்லை.

அப்புறம் நாலு வருஷம் நான் சாட்சி. கன்வென்ஷன் எங்கே நடந்தாலும் கூட்டிப்போவார்கள், மரப்பெட்டி மேல் நிற்கவைத்து மைக்கைக் கையில் கொடுப்பார்கள். சொல்லச் சொல்ல எனக்கே கை வந்துவிட்டது. எந்த இடத்தில் குரல் கம்ம வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தினால் ஜனம் அல்லேலூயா சொல்லும், எல்லாம் அத்துப்படி. டிக் டிக் என்று கேட்டது என்று நானே சேர்த்துக்கொண்டேன், பிறகு அது சத்தம் இல்லை, யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது என்று சேர்த்தேன், அதற்குப் பெண்கள் அழுதார்கள். சீழ் மட்டும் நிற்கவில்லை. அம்மாதான் மத்தியானம் அப்பா வேலைக்குப் போனபிறகு அடுப்படியில் என்னை மடியில் சாய்த்து, பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் இரண்டு சொட்டு விடுவாள், அப்பாட்ட சொல்லாத என்ன என்பாள். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள், கூடத்தில் விசுவாசம், அடுப்படியில் ரகசியம். சீழ் நின்றது, கேட்கும் சக்தி வரவில்லை. அம்மா பிறகு சர்க்கரையில் போனாள், காலில் புண் ஆறாமல், அவளுக்குக் காய்ச்சி ஊற்ற அடுப்படியில் யாரும் இல்லை. அன்றைக்கு நான் இருபத்தாறு வயதுத் தடியன், மின்வாரியத்தில் வேலை, மருந்துக்கடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பாடினேன். நல்லாப் பாடுதலே என்றாள் அம்மா.

அப்பாவை வெறுக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. எனக்கு முன்னால் அவருக்கு ஒரு மகன், எபனேசர், இரண்டு வயது, அப்போது சபையும் இல்லை ஒன்றும் இல்லை, சாதாரண மனுஷன், காய்ச்சல் என்றதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடியிருக்கிறார். மூன்று நாள் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள், மூன்றாம் நாள் காலையில் ஒரு ஊசி, ஊசி போட்ட அரை மணி நேரத்தில் பிள்ளை இல்லை. செத்த பிள்ளையை ஏற்ற எந்த வண்டிக்காரனும் சம்மதிக்கவில்லை. அப்பா பிள்ளையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஒன்றரை மணி நேரப் பயணம். கண்டக்டர் பக்கத்தில் வந்து, புள்ள தூங்குதாய்யா என்று கேட்டிருக்கிறார், ஆமா என்று அப்பா சொல்லியிருக்கிறார். வழியெல்லாம் முதுகைத் தட்டிக்கொண்டே வந்திருக்கிறார், தெரிந்துவிட்டால் நடுவழியில் இறக்கிவிடுவார்களே. இதை ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார், சொல்லும்போதும் அவர் கை காற்றில் தட்டிக்கொண்டிருந்தது. அந்த மனுஷனிடம்தான் யாரோ வந்து, இனி நீ ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டாம், உனக்கு ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். பிடித்துக்கொண்டார். நான் மட்டும் அந்த இடத்தில் இருந்தால் பிடித்துக்கொள்ளாமல் இருந்திருப்பேனா. அவருக்குச் செத்த பிள்ளைக்குப் பதில் வேண்டியிருந்தது, என் காதைக் கேட்டார். சரி, அது அவர் துக்கம், அவருக்குக் கொடுத்தாயிற்று, காது என்னுடையது. பெர்சிஸ் யாருக்கு என்ன கடன்பட்டாள், அந்த பஸ்ஸில் அவள் இல்லையே.

விசா கிடைத்த சகோதரன் முடித்துவிட்டான். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் எழுகிறார், இவர் நீளமாகச் சொல்வார், சொல்லட்டும், சாயங்காலம் வரை சொல்லட்டும். எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். எழுந்து நின்று ஒரு வாக்கியம், பிள்ளைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று. எத்தனை வார்த்தை, எண்ணிப் பார்த்தால் மூன்றுதான் வரும். எட்டு மாதமாகக் குளியலறையில் அதைச் சொல்லிப் பார்க்கிறேன், தண்ணீரைத் திறந்துவிட்டு. அப்பா என்ன செய்வார், ஒன்றும் செய்ய மாட்டார், தலையைக் குனிந்துகொள்வார், அந்தக் குனிந்த தலையை இனி ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஹெப்சி எட்டு மாதத் திருவிருந்தையும் நினைத்துப் பார்ப்பாள், நான் அப்பத்தை வாங்கிக் கண்ணை மூடிய ஒவ்வொரு தடவையையும், கள்ளனோடு படுத்திருக்கிறோம் என்று நினைப்பாள், நினைக்கட்டும், அது உண்மைதான். பிள்ளை முகத்தில் என்ன வரும், அதுதான் தெரியவில்லை. நீ சுகமாகவில்லை என்று ஒரு பிள்ளைக்கு இருநூறு பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது. சொல்லாமல் விட்டால் அவளும் என்னைப்போல மைக்கோடு வளர்வாள், எங்கே குரல் கம்ம வேண்டும் என்று கற்றுக்கொள்வாள், நாளைக்கு அவளுக்கு ஒரு பிள்ளை பிறக்கும். முகாமுக்கு நானும் கூடப் போனால் என்ன, சமையலுக்கு உதவி என்று சொல்லி, பாட்டிலை எடுத்துக்கொண்டு. பார், மறுபடியும் அடுப்படிப் புத்தி. தலைமை ஆசிரியர் எனக்கென்றே துரோகம் செய்வதுபோல இன்றைக்குச் சீக்கிரம் முடித்துவிட்டார். பாஸ்டர் பெர்சிஸின் பெயரைச் சொல்கிறார். ஹெப்சி பிள்ளையின் முக்காட்டைச் சரிசெய்கிறாள்.

மைக்கைத் தாழ்த்துகிறார்கள். எழு. எழுந்திரு. பெர்சிஸ் இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் ஸ்தோத்திரம், என் பேர் பெர்சிஸ், நான் அஞ்சாம் வகுப்பு படிக்கிறேன் என்கிறாள். குரல் தெளிவாக இருக்கிறது, தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு எட்டு மாசத்துக்கு முன்னால வலிப்பு வந்துச்சு, பாஸ்டர் அங்கிள் ஜெபம் பண்ணினாங்க, ஒரு மருந்தும் எடுக்காம இயேசப்பா எனக்குச் சுகம் குடுத்தாங்க. அல்லேலூயா என்று ஹால் முழுக்க. அப்பாவின் தோள் குலுங்குகிறது. நான் பாதி எழுந்துவிட்டேன், நிஜமாகவே எழுந்துவிட்டேன், சுவரில் ஒரு கையை ஊன்றி நிற்கிறேன், யாரும் கவனிக்கவில்லை, அங்கங்கே ஆட்கள் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். இன்னொன்னும் சொல்லணும் என்கிறாள் பெர்சிஸ். உபவாச ஜெபத்துல சின்னப் பிள்ளைங்க தங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒன்ன விடணும்னு சண்டேஸ்கூல்ல சொன்னாங்க. யார்கிட்டயும் சொல்லாம விடணும்னு சொன்னாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது டாடி தினமும் குடுக்கிற டேட்ஸ் சிரப். டாடிட்ட சொன்னா மனசு கஷ்டப்படும்னு, வாயில வாங்கிட்டு, பாத்ரூம்ல போய்த் துப்பிட்டேன். இருபத்தொரு நாளும் துப்பிட்டேன். இயேசப்பாவுக்காக. ஹால் சிரிக்கிறது. அன்பாகச் சிரிக்கிறது, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், பாருங்க பிள்ளையோட மனச என்று என் வலது காதில் யாரோ சொல்கிறார்கள். இருபத்தொரு நாள். காலையும் சாயங்காலமும். ஒவ்வொரு தடவையும் பாத்ரூமுக்கு ஓடினாளே, வாய் கொப்பளிச்சிரு மக்கா, பல் சொத்தையாயிரும் என்று நான்தானே பின்னாலிருந்து குரல் கொடுத்தேன், சமத்து என்று வேறு சொன்னேன். கசப்பாக இருந்தால் துப்பிவிடுவாளே என்று தித்திப்பாகக் கொடுத்தேன், தித்திப்பாக இருந்ததால் துப்பியிருக்கிறாள்.

எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை, மேடையில் நிற்கிறேன், மைக் என் கையில் இருக்கிறது. அது சிரப் இல்ல என்கிறேன். என் குரல் எங்கிருந்தோ வருகிறது. அது மருந்து. மதுரையில டாக்டர் எழுதிக் குடுத்தது. எட்டு மாசமா நாந்தான் குடுத்துட்டு வாரேன். இவளுக்குச் சுகமாகல, மருந்துல நின்னுருக்கு, அவ்வளவுதான். சொல்லிவிட்டேன். சொல்லியே விட்டேன். ஹெப்சி வாயைத் திறந்தபடி நிற்கிறாள். அப்பா தலையைக் குனிந்துவிட்டார். இது போதும், இனி என்ன வந்தாலும் வரட்டும், பெர்சிஸைத் தூக்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று திரும்புகிறேன், பாஸ்டர் என் தோளில் கை வைக்கிறார். பிரதர், பிள்ளை எத்தன நாளா அந்த மருந்தைக் குடிக்கல என்கிறார் மெதுவாக. இருபத்தொரு நாள். இந்த இருபத்தொரு நாள்ல ஒரு தடவையாவது விழுந்தாளா என்கிறார். அவர் முகத்தில் தந்திரம் இல்லை, அதுதான் கொடுமை, கண் நிறைந்து உதடு நடுங்குகிறது, பம்பரம் விட்ட காலத்திலும் அவனுக்குப் பொய் வராது. சொல்லுங்க பிரதர், விழுந்தாளா. இல்லை என்கிறேன். சத்தமா சொல்லுங்க. விழல.

ஹால் வெடித்தது. நாற்காலிகள் சாய்கின்றன, டம்பரின் அலறுகிறது, ஆள் ஆளுக்கு எழுந்து கையை உயர்த்துகிறார்கள், மருந்து இல்லாம இருபத்தொரு நாள், மருந்து இல்லாம இருபத்தொரு நாள் என்று ராஜபாண்டி பிரதர் கத்துகிறார். நான் கொடுத்த உண்மையை அப்படியே வாங்கித் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். இந்த வருஷத்தின் பெரிய சாட்சி நான் சொன்னதுதான். அப்பா தள்ளாடிக்கொண்டு மேடையேறி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார், எய்யா, நீ குடுத்ததும் அவர் சித்தந்தான்யா, உன் மூலமாத்தான் உலகத்துக்குக் காட்டியிருக்காரு என்று அழுகிறார். டாக்டரம்மா சொன்னாங்க, எப்ப வேணும்னாலும் வரும் என்று நான் கத்துகிறேன், மைக்கை யாரோ வாங்கிவிட்டார்கள், என் குரல் எனக்கே கேட்கவில்லை. இந்தச் சத்தத்துக்கு நடுவில் பெர்சிஸ் ஒற்றை ஆளாக நிற்கிறாள், வெள்ளைக் கவுனில், திருதிருவென்று முழித்துக்கொண்டு, யார் சொன்னது சரி என்று தெரியாமல். அவளைப் பார்க்கிறேன். இனி என் சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை, டாக்டரின் சொல்லுக்கு மதிப்பில்லை, ஒன்றுக்கு மட்டும்தான் மதிப்பு. விழு என்று நினைக்கிறேன். இப்போது, இங்கே, இந்த மேடையில், இத்தனை பேரும் பார்க்க ஒரே ஒரு தடவை விழு மக்கா, நான் பிடித்துக்கொள்கிறேன். நினைத்துவிட்டேன். பெற்ற பிள்ளையைப் பார்த்து நினைத்துவிட்டேன், நினைப்பை விலக்கவும் மனசு வரவில்லை, பசிக்கிறது எனக்கு, அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

பெர்சிஸ் பாஸ்டரைப் பார்த்தாள். தாத்தாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், அந்த முழிப்பு மெல்ல மெல்ல அவள் முகத்திலிருந்து போயிற்று. கிட்ட வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். டாடி, எனக்குத் தல சுத்துது என்றாள். தாங்கிப் பிடித்தேன். உடம்பு லேசாகத் துவண்டு என் கையில் சாய்ந்தது. வலிப்புதான் வருகிறதா, எனக்கு வேண்டியிருக்கிறது என்று சாய்கிறாளா, பெற்ற எனக்குத் தெரியவில்லை.